கேட்டு வாங்கிய தோல்வி

மோர்டென் சாப்பிடுவதை அதெமார் பீரிஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கம்பியடுப்பிலிருந்து சுடச்சுட வந்த மாட்டு விலா இறைச்சியை அந்த மனிதர் கத்தியால் நோண்டி நோண்டி, கொழுப்பையெல்லாம் பிரித்து, தட்டின் ஓரத்தில் மதில் கட்டுவதுபோல அடுக்கினார். சுட்ட குடலை முள்கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை, அவரவர் நாக்கு அவரவருக்கு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளப் தலைவர் எபெர் ஒலாஸ்கோகா, ஒதுக்கி வைத்த அந்தக் கொழுப்பைத் தன் கரண்டியால் குத்தி எடுத்து, "வீணாப் போகக் கூடாதுல்ல" என்று இளித்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். அதெமார் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

எபெர் ஒன்றும் சோற்றுக்கு இல்லாதவர் அல்ல. மான்டெவிடியோவின் மேற்கோரத்தில், தோல் பதனிடும் ஆலைகளுக்கு நடுவே இருக்கும் நுவேவோ பாரீஸ் பேட்டையில் பெரிய இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அதெமாரோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்தக் காலத்திலேயே வாத்தியாரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள்தான். இப்போது பைக்குப் பதிலாக மோர்டென்.

பேட்டையின் கால்பந்து கிளப்புக்குக் குர்த்திதோரெஸ் என்று பெயர். தோல் பதனிடும் தொழிலாளிகள் ஆரம்பித்தது. அவர்களுடைய தொழிலின் பெயரே கிளப்பின் பெயர். மூன்று வருடங்களுக்கு முன்பு வட ஐரோப்பாவிலிருந்து ஹாவென்போர்க் என்கிற பெரிய கிளப் வந்து இதை விலைக்குக் கேட்டது. உறுப்பினர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். பயிற்சியாளராக இருந்த அதெமாரும் கையைத் தூக்கினார். தூக்காமல் என்ன செய்வது? குளிக்கும் அறையில் வெந்நீர் இல்லை. ஆடுகளத்தில் புல்லைவிடக் குழிதான் அதிகம். பையன்கள் சம்பளத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

விற்ற பிறகு வெந்நீர் வந்தது. புல் வந்தது. சம்பளமும் வந்தது. பழுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட சட்டை மட்டும் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஹாவென்போர்க்கின் வெளிர்நீலம். வாசல் பலகையில் குர்த்திதோரெஸுக்கு முன்னால் ஹாவென்போர்க் என்று எழுதினார்கள். பேட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு விழுங்கிக்கொண்டார்கள். அதெமாரும் விழுங்கினார். வெந்நீரில் குளித்துக்கொண்டே சட்டையின் நிறத்துக்காக அழ முடியாது என்று தன் மனைவி சுல்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம்தான் அந்த அதிசயம் நடந்தது. எப்போதும் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடக்கும் அணி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறிக்கொண்டே வந்தது. லீக்கின் கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், தென் அமெரிக்கக் கோப்பைக்குத் தகுதி. அந்தக் கிளப் நாட்டின் எல்லையைத் தாண்டி ஆடியதே கிடையாது. கடைசி எதிரணியோ இரண்டாம் பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிப்போன, காற்றிறங்கிய அணி. ரொட்டிக் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஆட்கள் பாஸ்போர்ட் எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் மோர்டென் வந்து இறங்கினார். ஹாவென்போர்க்குக்கு வெளிநாடுகளில் இருக்கும் கிளப்புகளையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர் அவர். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத்தான் கிளப்பின் பின்கட்டில் இறைச்சி சுட்டு விருந்து வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எபெர் அதெமாரின் தோளைத் தொட்டார். "வாடா, ஆபீஸ் ரூம்ல கொஞ்சம் பேசணும்."

மோர்டென் ஸ்பானிய மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர். அவர் வாய் திறந்தால் பத்திரம் வாசிப்பதுபோல இருக்கும்.

"நண்பரே, தாங்கள் மிகச் சிறந்த பணி ஆற்றியுள்ளீர்கள். ஆட்டக்காரர்கள் களைத்துள்ளனர் என்று எங்கள் கணிப்புகள் காட்டுகின்றன. ஆகவே சனிக்கிழமை முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு அளிப்பது நலம்."

அதெமார் சிரித்துவிட்டார். "களைப்பா? கோப்பைக்குப் போற ஆட்டத்துல எவன் சார் களைப்பான்? காலை ஒடைச்சு உக்கார வச்சாலும் தவழ்ந்து வந்து ஆடுவானுங்க."

மோர்டென் எபெரைப் பார்த்தார். எபெர் தரையைப் பார்த்தார்.

"அதெமார், விஷயம் என்னன்னா..." எபெர் தொண்டையைச் செருமினார். "சிலேல அவங்களுக்கு இன்னொரு கிளப் இருக்குல்ல, அது ஏற்கெனவே கோப்பைக்கு வந்துருச்சு. ஒரே முதலாளியோட ரெண்டு கிளப் ஒரே கோப்பைல ஆடக் கூடாதாம். ரூலு. நாம போனா பிரச்சினை."

"அதனால?"

"அதனாலதான் ஓய்வு."

"தோத்துப் போகச் சொல்றீங்களா?"

"நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை" என்றார் மோர்டென். அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. "சிலேயில் உள்ள சகோதரக் கிளப்பில் முதலீடு அதிகம். குடும்பத்தில் ஒருவர் இன்னொருவருக்காக விட்டுக்கொடுப்பது இயல்புதானே."

குடும்பம் என்று அவர் சொன்னபோது அவருடைய பல்லிடுக்கில் ஒரு துணுக்கு இறைச்சி தெரிந்தது. அதெமாரால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், கேலரிக்குக் கூரை போட்டுத் தர்றேங்கறாங்கடா" என்று எபெர் குழைந்தார். "நம்ம ஜனங்க மழைல நனைஞ்சு சாகுது. ஒரு ஆட்டம்டா. ஒரே ஒரு ஆட்டம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல." அதெமார் எழுந்தார். "இந்தா பாரு எபெர். என்னைய இப்பவே தூக்கணும்னா தூக்கு. தூக்கலன்னா சனிக்கிழமை என் ஆளுங்க பதினோரு பேரும் எறங்குவாங்க. ஜெயிக்கத்தான் எறங்குவாங்க."

அவரைத் தூக்க முடியாது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கோப்பை வாசலில் நிற்கும்போது பயிற்சியாளரை நீக்கினால் பேட்டையே கிளப்பைக் கொளுத்திவிடும். மோர்டெனுக்கும் அது புரிந்தது. "தங்கள் முடிவை மதிக்கிறேன்" என்று கை நீட்டினார். கழுவிய கை, சோப்பு வாசனை அடித்தது. அதெமார் அதைத் தொடாமல் வெளியே வந்தார்.

வீட்டில் சுல்மா குடிப்பதற்காகச் சுரைக் குடுவையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு குடுவையை அவரிடம் நீட்டினாள்.

"இதுல என்ன ஆச்சரியம் உனக்கு? வித்த பொருளு. வாங்குனவன் உடைப்பான், கெடப்புல போடுவான். அன்னைக்கு நீதான கை தூக்குன."

"வெந்நிக்குத்தான் கை தூக்குனேன். இதுக்கு இல்ல."

"அவன் ரெண்டையும் சேத்துத்தான் எழுதி வாங்கியிருக்கான்." அவள் குடுவையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பசங்ககிட்ட சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன். ஏன் அவனுங்க மனசையும் நாறடிக்கணும்? சுத்தமா எறங்கட்டும்."

"சொல்லிடு அதெமார். நீ சொல்லலன்னா வேற எவனாச்சும் வேற மாதிரி சொல்லுவான்."

அவர் கேட்கவில்லை. ஆட்டக்காரர்களைக் குழந்தைகளாக நினைப்பது அவருடைய பழைய வழக்கம்.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கேலரி முழுக்க ஜனம். கக்கத்தில் மாத்தேக்கான வெந்நீர்க் குடுவையோடு, பெட்டியிலிருந்து தேடி எடுத்த பழைய பழுப்பு மஞ்சள் சட்டையோடு வந்திருந்தார்கள். களத்தில் வெளிர்நீலம், கேலரியில் பழுப்பு மஞ்சள். மோர்டென் எபெருக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அணித் தலைவன் நெரி தெச்செரா. தடுப்பாட்டக்காரன், முப்பத்து நான்கு வயது. இந்தப் பேட்டையிலேயே பிறந்து, இந்தக் கிளப்பைத் தவிர வேறு எதிலும் ஆடாதவன். கோல்காப்பாளன் லீபெர் கப்ரால், வயது இருபத்திரண்டு, பேச்சே வராத கூச்ச சுபாவி. ஆட்டம் தொடங்கும் முன் தெச்செரா எல்லோரையும் கட்டிப்பிடித்தான். அதெமாரைக் கட்டிப்பிடிக்கும்போது வழக்கத்தைவிட இறுக்கினான். பதற்றம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குர்த்திதோரெஸ் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, கோல்தான் விழவில்லை. கம்பத்தில் ஒன்று பட்டது. விழாவிட்டால் என்ன, சமன் போதுமே என்று கேலரி பாடிக்கொண்டிருந்தது. எதிரணிக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணியின் ஒருவன், என்ன செய்வதென்று தெரியாமல், பந்தைச் சும்மா உயரத் தூக்கி அடித்தான். அது கோலுக்கு முன்னால் மெதுவாக இறங்கிற்று. லீபெர் பிடிக்க ஓடிவந்தான். தெச்செரா கையை உயர்த்தினான். என் பந்து, விடு என்று அர்த்தம். லீபெர் நின்றுவிட்டான். தலைவன் சொன்னால் நிற்கத்தானே வேண்டும். தெச்செரா பந்துக்குக் கீழே வந்தான். வந்து நின்றான். அவன் கால் தரையைவிட்டு எழும்பவில்லை. பின்னால் வந்த எதிரணிப் பையன், தனக்கே நம்பிக்கை இல்லாமல், தலையால் தட்டினான். வலை அசைந்தது.

கேலரியில் பாட்டு அறுந்தது. பிறகு யாரோ கத்தினார்கள். "டேய் லீபெர்! வெண்ணெக் கையா! எதுக்குடா நின்ன?"

எல்லோரும் லீபெரைத்தான் திட்டினார்கள். அதெமார் தெச்செராவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடங்களாக அந்தக் கால்கள் எந்தப் பந்துக்கு எவ்வளவு எழும்பும் என்று பார்த்தவர் அவர்.

மிச்சமிருந்த நேரத்தில் பையன்கள் செத்துப் பிழைத்து ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விசில் ஊதியதும் லீபெர் முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டு அழுதான். கேலரியில் பாதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். அழுதுகொண்டே தட்டினார்கள். அதெமாரால் அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவனும் ஒவ்வொரு மூலையில் கிடந்தான். தெச்செரா குளிக்காமல், சட்டையைக்கூடக் கழற்றாமல், காலுறையை மட்டும் உருட்டி உருட்டிக் கையில் வைத்திருந்தான். அதெமார் அவனைத் துணி துவைக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏன்டா?"

தெச்செரா நிமிர்ந்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் அல்ல, குழப்பம். "என்ன கோச், ஏன்னு கேக்குறீங்க?"

"ஏன்டா எழும்பல?"

"நீங்கதான..." அவன் நிறுத்தினான். "பிரெசிடென்ட் வந்து சொன்னாரு. கோச் ஒத்துக்கிட்டாரு, உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல அவருக்குக் கூச்சமா இருக்கு, அதனால என்கிட்ட சொல்லி அனுப்புனாருன்னாரு. கடைசி வரைக்கும் சமன்ல இருந்தா நான் பாத்துக்கணும்னு."

அதெமார் துணி துவைக்கும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அத நம்புன."

"நம்பிட்டேன்." தெச்செரா காலுறையைத் தரையில் போட்டான். "நம்புறதுதான் வசதியா இருந்துச்சு, கோச். என் மூத்தவன அவங்க ஊர்ல அகாடமில சேத்துக்கறேன்னாங்க. நீங்களே சரின்னுட்டா நான் யாரு வேணாங்கறதுக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லிட்டா?"

அவன் உண்மையைத்தான் சொன்னான். அதனால்தான் அதெமாரால் அவனை அடிக்க முடியவில்லை. வெளியே லீபெர் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தான். "அவன்கிட்டயாவது போய்ச் சொல்லுடா, உன் தப்பு இல்லன்னு" என்றார். தெச்செரா தலையை மட்டும் ஆட்டினான். போகவில்லை.

அலுவலக அறை வாசலில் எபெர் கை விரித்துக்கொண்டு நின்றார். "நீ மனுசன்டா! கடைசி வரைக்கும் ஒரு பய சந்தேகப்படல" என்று இழுத்துக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிட்டார். உள்ளேயிருந்து மோர்டெனும் எழுந்து வந்தார்.

"நண்பரே, அன்று தாங்கள் கோபம் கொண்டதாக நான் தவறாக எண்ணிவிட்டேன். முழு அணியையும் இறக்கி, எவ்விதச் சந்தேகமும் எழாமல் செய்துள்ளீர்கள். இத்தகைய நிதானம் மிக அரிது. எங்கள் தென் அமெரிக்கக் கிளப்புகள் அனைத்துக்கும் பயிற்சித் தலைவராகத் தாங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்."

அதெமார் எபெரின் முகத்தைப் பார்த்தார். எபெர் கண்ணைச் சிமிட்டினார். மோர்டெனிடம் போய், எல்லாம் அதெமாரின் ஏற்பாடுதான் என்று சொல்லியிருக்கிறார். பழைய சிநேகிதனுக்கு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் நிஜமாகவே இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பு.

"நான் செய்யல" என்றார் அதெமார். "உங்க வேலையும் வேணாம். இன்னையோட நான் இந்தக் கிளப்புல இல்ல."

மோர்டென் மரியாதையாகத் தலையசைத்தார். பேரம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்போல.

அதெமார் வீட்டுக்கு வந்து, எபெர் முத்தமிட்ட கன்னத்தைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தார். சுல்மா கதவோரம் நின்று பார்த்தாள். "தோல உரிச்சுடாத" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் உறுப்பினர் கூட்டம். அதற்குள் விஷயம் வேறு உருவத்தில் பேட்டையைச் சுற்றி வந்துவிட்டது: அதெமாருக்குப் பெரிய வேலை கொடுத்திருக்கிறார்களாம். கூடத்துக்குள் அவர் நுழைந்தபோது சிலர் எழுந்து கை கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெச்செரா வரவில்லை.

அதெமார் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். ஆபீஸ் அறையில் பேசியது, சிலே கிளப், தெச்செராவுக்குச் சொல்லப்பட்ட பொய், லீபெர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது.

எபெர் பெருமூச்சு விட்டார். "பாவம், தோல்வி அவன ஒடச்சுப்போட்டுருச்சு. எனக்கும் தூக்கம் இல்ல. ஆனா ஆதாரம் இல்லாம இப்பிடிப் பேசலாமா?"

டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் நில்தா எழுந்தாள். "அதெமார், உனக்கு வேல குடுத்தாங்களா இல்லையா?"

"குடுத்தாங்க. வேணாம்னேன்."

"தப்பு செய்யாதவனுக்கு எதுக்குய்யா வேல குடுப்பாங்க? சரி, குடுத்தாங்கன்னே வையி. எவனாச்சும் வேணாம்பானா?"

சிலர் சிரித்தார்கள். உண்மை அதெமார் பக்கம் இருந்தது. ஆனால் கேட்பதற்கு நில்தா சொன்னதுதான் நியாயமாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒருவர் பொறுமையிழந்து கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். கூரை போடுறாங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க."

எல்லாத் தலைகளும் எபெர் பக்கம் திரும்பின. "போடுறாங்க" என்றார் எபெர். "குளிர் காலத்துக்கு முன்னாடி முடிச்சுத் தர்றாங்க."

முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு கூடமே தட்டியது. அப்போதுதான் அதெமாருக்குப் புரிந்தது. அவர் சொன்னதை அவர்கள் நம்பாமல் இல்லை. நம்பினார்கள். பாதிப் பேராவது நம்பினார்கள். நம்பிக்கொண்டேதான் தட்டினார்கள்.

சுல்மா எழுந்தாள். அவள் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. "நல்லாத் தட்டுங்க" என்றாள். "இனிமே மழ பெஞ்சாலும் நனையாம உக்காந்து தோக்கலாம்." அதெமாரின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

லீக் நிர்வாகம் விசாரணை எதுவும் வைக்கவில்லை. கூரை வந்தது, வெளிர்நீலத் தகரத்தில். லீபெரைக் கிளப் விடுவித்தது, அவனைப் பற்றிய கணிப்புகள் சரியில்லையாம். அவன் இப்போது தன் மாமனோடு குளிர்சாதன லாரி ஓட்டுகிறான். தெச்செராவின் மகன் ஐரோப்பாவுக்குப் போனான், ஒரு குளிர் காலம் முழுக்க ஆட விடாமல் வெளியே உட்கார வைக்கப்பட்டான், திரும்பி வந்தான். அதெமாரைத் தெருவில் பார்த்தால் தெச்செரா எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். அதெமார் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருநாள், மீன் வண்டிக்கு முன்னால் சுல்மாவோடு வரிசையில் நின்றிருந்தார். அவருக்குச் சரியாகப் பழக்கமில்லாத ஒரு ஆள், ஆலைக்காரர்போலத் தெரிந்தார், வந்து சந்தோஷமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பீரிஸ்தான? அந்தக் கடைசி ஆட்டம்! பெரிய ஆளு சார் நீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய சொல்லிக்க முடியாது, ஆனா உங்க எடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். நம்மள மாதிரி ஆளுங்க வேற எப்பிடித்தான் முன்னேறுறது?"

அந்த ஆள் கையை எடுக்கப் பார்த்தார். அதெமார் விடவில்லை.

"நில்லுங்க" என்றார். "மோர்டென்னு ஒருத்தன் வந்தான். விருந்து வச்சோம்."

"சரி சார், பரவால்ல, நான் சும்மா..."

"இல்ல. முழுசாக் கேளுங்க."

அவர் உரக்கவே சொன்னார். கொழுப்பைப் பொறுக்கித் தின்ற எபெரிலிருந்து தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அந்த ஆள் நெளிந்தார், சிரிக்க முயன்றார், கையைத் திருகினார். அதெமார் பிடியைத் தளர்த்தாமல் தெச்செராவின் கால்கள் வரைக்கும் வந்தார். மீன்காரன் கத்தியை நிறுத்திவிட்டான். சுல்மா கூடையைத் தரையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று வரிசையில் பின்னால் இருந்தவர்களை முன்னே போகச் சொன்னாள்.